வேகமும் வேண்டும், விழிப்பும் வேண்டும்

காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பண்டங்கள்மீது சோழரின் சுங்க அலுவலர் புலி இலச்சினை பொறித்தனர் எனப் பட்டினப்பாலை கூறும். இன்று துறைமுகங்களில் வந்திறங்கும் இரும்புப் பெட்டகங்களை ஒவ்வொன்றாகத் திறந்து சோதிப்பதென்றால் மருந்தும் பழமும் வெயிலில் கெட்டுவிடும். தாமத வாடகையோ சிறு வணிகரின் தலையில் விழும். ஆகவேதான், எதைச் சோதிப்பது என்று 2005 முதல் நம் நாட்டில் கணிப்பொறி தேர்ந்து சொல்கிறது. நாணயமான வணிகருக்கு 2011இல் தனிச் சலுகையும் வந்தது. நல்ல மாற்றங்களே!

ஆனால், 2021 செப்டம்பரில் குஜராத்தின் முந்திரா துறைமுகத்தில் கண்டதை மறக்கலாமா? ஆப்கானிஸ்தானத்திலிருந்து ஈரான் வழியாக வந்தவை இரண்டு பெட்டகங்கள். தாளில் எழுதியிருந்ததோ வெறும் மாக்கல். உள்ளே இருந்ததோ ஏறக்குறைய 3,000 கிலோ ஹெராயின்! வருவாய்ப் புலனாய்வுத் துறையினருக்குத் துப்புக் கிடைத்ததால் பிடிபட்டது. இல்லையேல் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் பாழாகியிருப்பர்!

சலுகை, பல்லாண்டு நேர்மையாக நடந்தவருக்கே உரியது. புதிதாக வருபவரின் முதற் சரக்குகளைத் தவறாமல் திறக்க வேண்டும். பழையவருடையவற்றிலும் சிலவற்றை முன்னறிவிப்பின்றித் திறப்பதே முறை. இதில் அவர்கள் மனம் நோக வேண்டியதில்லை. திறக்காமலே உள்ளிருப்பதைக் காட்டும் ஊடுகதிர்க் கருவிகளைச் சிறு துறைமுகங்களுக்கும் அரசு தரட்டும். அப்படங்களைப் படித்தறியப் பயின்ற ஆட்களையும் அமர்த்தட்டும்.