ப்ராஜெக்ட் மேனேஜர்னா வெட்டி ஆபீசரா?

எங்க பெரம்பலூர், அரியலூர் பக்கம் இன்ஜினியரிங் முடித்துவிட்டு சென்னை, பெங்களூர் போன அண்ணன்கள் பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் ஒரே பாட்டுதான். "கோட் எழுதுறது நாங்க, பேர் வாங்குறது மேனேஜர். எக்ஸெல் ஷீட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு 'முடிஞ்சுதா'ன்னு கேக்க ஒரு ஆளு, அதுக்கு எங்களைவிட சம்பளம்." பி.காம். படிக்கிற எங்க செட்டும் உடனே ஆமாம் சாமி போடும். எனக்கு இதில் துளிகூட உடன்பாடு இல்லை.

கோட் எழுதத் தெரியாதவனுக்கு என்ன பேச்சு என்பீர்கள். இருக்கட்டும். காமர்ஸ்காரனுக்கு நன்றாகத் தெரிந்த சாஃப்ட்வேர் ஒன்று உண்டு: வருமான வரி இணையதளம்.

2021 ஜூன் 7ல் புதுத் தளம் திறந்தார்கள். செய்தது இன்ஃபோசிஸ். அங்கே கோட் எழுத ஆளில்லை என்று யாராவது சொல்வீர்களா? மறுநாளே நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் ட்விட்டரில் நந்தன் நிலேகணியைக் குறிப்பிட்டு முறையிட வேண்டியதாயிற்று. ஆகஸ்ட் 21, 22ல் தளமே படுத்துவிட்டது. 23ஆம் தேதி சி.இ.ஓ. சலில் பரேக்கை வரவழைத்து, இரண்டரை மாதமாகியும் ஏன் சரியாகவில்லை என்று கேட்டு, செப்டம்பர் 15 வரை கெடு கொடுத்தார்கள்.

அன்று பரேக் சொன்ன பதிலைத்தான் கவனிக்கணும். 750 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், சி.ஓ.ஓ. பிரவீன் ராவே நேரடியாகப் பார்த்துக்கொள்கிறார் என்றார். அதாவது 750 பேர் என்ற கணக்கு மட்டும் போதவில்லை. எல்லாவற்றையும் ஒருவர் சேர்த்துப் பார்க்கிறார் என்று சொன்னால்தான் நம்பிக்கை வரும். அதற்குப் பெயர் என்னங்க?

ஐ.பி.எம்.மில் ஓ.எஸ்/360 வேலையை நடத்திய ஃப்ரெட் ப்ரூக்ஸ் 1975லேயே புத்தகம் போட்டு எழுதிவிட்டார்: தாமதமான வேலையில் ஆளைக் கொட்டினால் இன்னும் தாமதமாகும். கணக்கு எளிது. 5 பேர் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள 10 வழி. 50 பேருக்கு 1,225. 750 பேருக்கு 2,80,875! இதை ஒழுங்குபடுத்துவது வேலை இல்லையாம்.

வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரி எத்தனை செங்கல் வைத்தார் என்று யாரும் எண்ணுவதில்லை. கான்கிரீட் போடுவதற்கு முன்னால் எலக்ட்ரீசியன் பைப் பதித்துவிட்டானா என்று பார்க்கிறார் பாருங்கள், கூலி அதுக்குத்தான். பார்க்காமல் விட்டால் புதுத் தளத்தை உடைக்கணும்.

கூகுளும் இதைச் சோதித்துப் பார்த்தது. 2000களின் தொடக்கத்தில் லாரி பேஜும் செர்கெய் பிரின்னும் இன்ஜினியர்களுக்கு மேலிருந்த மேனேஜர்களை எடுத்துப் பார்த்தார்கள். சில மாதம்தான் தாங்கியது. செலவுக் கணக்கிலிருந்து ஆளுக்கு ஆள் சண்டை வரை எல்லாம் நேராக பேஜின் மேஜைக்கே வந்ததாம் :-)

"ஸ்க்ரம் வந்தாச்சு, அதில் ப்ராஜெக்ட் மேனேஜரே கிடையாது" என்பது அடுத்த வாதம். பதவி கிடையாது, சரி. எதை முதலில் செய்வது என்று ப்ராடக்ட் ஓனர் முடிவெடுக்கிறார், முட்டுக்கட்டையை ஸ்க்ரம் மாஸ்டர் அகற்றுகிறார். வேலையைப் பங்கு போட்டிருக்கிறார்கள், ஒழிக்கவில்லை.

காஸ்டிங் பேப்பரில் சூப்பர்வைசர் சம்பளத்தை மறைமுகக் கூலி என்று ஓவர்ஹெட்டில் எழுதுகிறோம். ஓவர்ஹெட் என்றால் தண்டச்செலவு என்று எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை. அரியலூர் சிமெண்ட் ஆலையில் சுண்ணாம்புக்கல்லும் நிலக்கரியும் நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்கிறவர் ஒரு மூட்டை சிமெண்டும் அரைப்பதில்லை. அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு சூளையை ஓட்டிப் பாருங்களேன்.

நாளுக்கு நாலு தடவை "ஸ்டேட்டஸ் என்ன?" என்று மட்டும் கேட்கிற மேனேஜர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் அண்ணன்களே, அடுத்த பொங்கலுக்கு வரும்போது ஒன்றுக்குப் பதில் சொல்லுங்கள். "இது இன்னும் தயாராகலை, தேதியைத் தள்ளி வைங்க" என்று கிளையண்டுக்குப் போன் போட்டு, அந்தப் பக்கத்துத் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டது உங்கள் டீமில் யார்?