அணைத்தாலும் ஆறாத அடுப்பு

குவேக்கர்ஸ் ஹில், சிட்னி

ஏழு இடங்களில் அணுமின் நிலையங்களை அமைப்போம் என்று கூறி 2025 மே மாதத் தேர்தலில் நின்ற அவுஸ்திரேலிய எதிரணி தோல்வியுற்றது. ஆயினும் விவாதம் ஓயவில்லை. குவேக்கர்ஸ் ஹில்லிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் வாழும் எம்மவருட் பலர், இது வாக்குரிமை உள்ளோரின் விவகாரம் என்று ஒதுங்கிவிடுகின்றனர். ஆனால் இதே கேள்வி நாம் விட்டுவந்த தீவின் வாசலிலும் நிற்கிறது.

முதலில் உலை இயங்கும் முறையை விளங்கிக்கொள்வோம். யுரேனியம்-235 இன் அணுக்கருவை நியூத்திரன் ஒன்று தாக்கும்போது அது பிளந்து, வெப்பத்தையும் மேலும் இரண்டு மூன்று நியூத்திரன்களையும் வெளிவிடுகிறது. அவை அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. அவ்வெப்பத்தில் நீர் நீராவியாகிறது. நீராவி சுழலியைச் சுழற்ற, மின்பிறப்பாக்கி மின்சாரம் தருகிறது. நிலக்கரி நிலையத்தில் நிகழ்வதும் இதுவே. அடுப்பு மட்டுமே வேறு. கூடங்குளத்து உலை ஒன்று ஏறக்குறைய 3000 மெகாவாட் வெப்பத்தை ஆக்கி 1000 மெகாவாட் மின்சாரம் தருகிறது. எஞ்சிய வெப்பத்தின் பெரும்பகுதி கடலைச் சேர்கிறது.

நிலக்கரி அடுப்புக்கு இல்லாத ஒரு குணம் இந்த அடுப்புக்கு உண்டு. கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் அணுப்பிளவு நின்றுவிடும், வெப்பம் நிற்காது. பிளவிற் பிறந்த கதிரியக்கப் பொருட்கள் தொடர்ந்து சிதைவதால், நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தின் ஆறு வீதமளவேனும் எஞ்சியிருக்கும். கூடங்குளத்து உலைக்கு அது 180 மெகாவாட். சிட்னியின் தெற்கே, லூகாஸ் ஹைட்சில் மருத்துவக் கதிரியக்கப் பொருட்களை ஆக்கும் ஆராய்ச்சி உலையின் முழு வலுவே 20 மெகாவாட்தான். எஞ்சிய வெப்பம் விரைந்து குறையுமெனினும், உலையினுள் குளிர்நீர் ஓடிக்கொண்டே இருத்தல் வேண்டும். நீரை ஓட்டும் பம்பிகளுக்கு மின்சாரம் வேண்டும். வெளி மின்சாரம் அறுந்தால் டீசல் இயந்திரங்கள் வேண்டும்.

2011 மார்ச்சில் யப்பானின் புக்குஷிமாவில், நிலநடுக்கம் ஏற்பட்டவுடன் இயங்கிக்கொண்டிருந்த உலைகள் முறைப்படி நின்றன. ஆழிப்பேரலை டீசல் இயந்திரங்களைச் செயலிழக்கச் செய்த பின்னரே மூன்று உலைகள் உருகின. 2022 இல் போரில் அகப்பட்ட உக்ரேனின் சப்போரிசியா நிலையம், அதன்பின் பலமுறை வெளி மின்சாரத்தை இழந்தது.

இலங்கைக்கு வருவோம். அந்நாட்டின் அணுமின் ஆயத்தத்தைச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழுவொன்று 2022 ஏப்ரலில் ஆராய்ந்தது. அதே காலத்தில் டீசல் வாங்கப் பணமின்றி நாடு இருளில் கிடந்தது. மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலத்தை எட்டியிருந்தது. 1990 இன் பின்னர் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டுக் கிடந்ததை, மண்ணெண்ணெய் விளக்கிற் படித்த எம்மவர் மறந்திருக்க மாட்டார்கள்.

அணு உலை இயங்கும்போது கரிப்புகையை வெளியிடுவதில்லை. சிறிதளவு எரிபொருளிலிருந்து பெருமளவு மின்சாரம் தருகிறது. இவ்வாதங்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. ஆயினும் ஓர் உலைக்கு வேண்டியவற்றுள் யுரேனியத்தைவிட அரிதானது, அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குலையாத அமைதியும் பொறுப்புள்ள நிர்வாகமும் ஆகும். அது எத்துணை அரிதென்பதைப் புலம்பெயர்ந்தோர் நன்கறிவர்.

எனவே, தீவில் அணு உலை அமைக்க முனைவோரிடம் நாம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுண்டு. மின்வடங்கள் அறுந்து, டீசலும் தீர்ந்த நாளில் அந்தப் பம்பிகளை இயக்குபவர் யார்? இதற்குத் தெளிவான விடை கிடைக்கும்வரை அத்திட்டத்துக்கு எவரும் ஒப்புதல் அளித்தலாகாது.