வணிகக் கூட்டத்தை வழிமறிக்க வேண்டாம்

பங்குச் சந்தையில் முதலீடு செய்வோர் இன்று நம்மவரிடையே பெருகி வருகின்றனர். வட்டித் தொழிலோ மது வணிகமோ இல்லாத நிறுவனமா என்று பார்த்து வாங்கினால் போதும், அது ஹலால் ஆகிவிடும் என்று பலரும் கருதுகின்றோம். எதை வாங்குகிறோம் என்பதைப் போலவே, எதை அறிந்துகொண்டு வாங்குகிறோம் என்பதும் மார்க்கம் தொடர்பான கேள்வியே.

ஒரு நிறுவனத்தின் வெளியிடப்படாத செய்தியை உள்ளிருந்து அறிந்து, பிறர் அறியுமுன் அதன் பங்குகளை வாங்குவதும் விற்பதும் 'இன்சைடர் டிரேடிங்' எனப்படும். இதைக் குற்றமாகக் காண உலகச் சட்டங்களுக்கு நெடுங்காலம் பிடித்தது. 1909இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு முடிவுக்கு வந்தது. பிலிப்பைன்ஸில் நிலங்களை வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் இயக்குநர், அந்நிலங்களை அரசு வாங்கவிருப்பதை அறிந்திருந்தார். அதைச் சொல்லாமல், தம் பெயரையும் மறைத்து, ஒரு பெண்மணியின் பங்குகளைத் தரகர் மூலம் மலிவாக வாங்கிக்கொண்டார். அது மோசடி என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

1963இல் டெக்சஸ் கல்ஃப் சல்ஃபர் நிறுவனம் கனடாவின் டிம்மின்ஸ் அருகே செழிப்பான கனிமப் படிவைக் கண்டறிந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அச்செய்தி வெளியாகுமுன்பே அதன் அலுவலர் சிலர் பங்குகளை வாங்கினர்; வேண்டியவர்களுக்கும் குறிப்புக் கொடுத்தனர். செய்தியை வெளியிடு, இல்லையேல் வணிகத்திலிருந்து விலகியிரு என்ற நெறியை 1968இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. இந்தியாவில் இதற்கெனத் தனி விதிமுறைகளை செபி 1992இல்தான் கொண்டுவந்தது. 2015இல் அவை புதிதாக வகுக்கப்பட்டன. அவற்றின்படி, தக்க காரணமின்றி உள்தகவலைப் பிறருக்குச் சொல்வதே குற்றம். அபராதம் 25 கோடி ரூபாய் வரையோ, ஈட்டிய இலாபத்தின் மூன்று மடங்கு வரையோ, எது அதிகமோ அதுவரை செல்லலாம்.

சரக்குடன் வரும் வணிகக் கூட்டத்தாரை, அவர்கள் சந்தையை அடையுமுன் எதிர்சென்று வாங்குவதை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு விற்றவர் சந்தைக்கு வந்து நிலவரத்தை அறிந்தபின், அந்த வியாபாரத்தை முறித்துக்கொள்ளும் உரிமையையும் அவருக்கு அளித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய நூல்களில் இத்தடை பதிவாகியுள்ளது. பொருள் ஹலால், பணமும் ஹலால், விற்றவரும் மனமுவந்தே விற்றார். ஆயினும் அவருடைய சம்மதம் அறியாமையின் மீது கட்டப்பட்டிருந்தது.

"பங்குச் சந்தையில் விற்பவர் யாரென்றே தெரியாதே, யாருக்கு நட்டம்?" என்று கேட்போர் உண்டு. முகம் தெரியாததால் உரிமை இல்லாமல் போய்விடாது. வெளியான கணக்கறிக்கைகளைப் படித்து, ஆராய்ந்து இலாபம் காண்பது உழைப்பு, அதில் குற்றமில்லை. பணியிடத்தில் நம்பி ஒப்படைக்கப்பட்ட செய்தியோ அமானிதம். அதை மைத்துனருக்கும் நண்பருக்கும் விற்றுக் காசாக்குவது, பிறர் பணப்பெட்டியின் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

ஆகவே, நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகளிடம் "உள்ளே ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்கும் வழக்கத்தைப் பெற்றோரும் உறவினரும் கைவிட வேண்டும். அவர்களாகவே சொல்ல வந்தாலும் தடுக்க வேண்டும். செபியின் கண்ணில் படாத பரிவர்த்தனையும் அல்லாஹ்வின் பார்வைக்குத் தப்பாது. நம் சம்பாத்தியத்தில் தூய்மையையும் பரக்கத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.