ரெட் அலர்ட் சரி... எங்க தெருவுக்கு எவ்வளவு தண்ணி வரும்?

2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் கொட்டிய மழை சுமார் 95 செ.மீ. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. நெல்லை ஜங்ஷன் பகுதி தண்ணீரில் மிதந்தது.

முன்கூட்டியே சரியா சொன்னாங்களா, இல்லையா? மாநில அரசும் மத்திய அரசும் அப்போது மோதிக்கொண்டது இதற்காகத்தான். ஆனால், கேட்க வேண்டிய கேள்வி வேறு.

வானிலைத் துறை கணக்கில், ஒரே நாளில் 20.4 செ.மீ.க்கு மேல் பெய்தால் ‘அதி கனமழை’. அதற்கு மேல்வரம்பு கிடையாது. 21 செ.மீ.யும் அதே பெயர்தான், 95 செ.மீ.யும் அதே பெயர்தான். முதலாவது என்றால் மோட்டார் வைத்து இறைத்துவிடலாம். இரண்டாவது என்றால் ஊரையே காலி பண்ணணும்.

நெல்லைக்காரர்களுக்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயில். “கோயில் எதுவரைக்கும் முங்கிருக்கு?” என்று விசாரித்துவிட்டுத்தான் கரையோரத்துக்காரர்கள் பாத்திரம் பண்டத்தை மேலே ஏற்றுவார்கள். நல்ல அளவுகோல்தான். ஆனால், அது ஆற்றை மட்டும்தான் காட்டும். 2023-ல் பேய்மழை சமவெளியிலும் கடலோரத்திலும் கொட்டியது, குளங்கள் உடைந்தன. பாபநாசம், மணிமுத்தாறு ஷட்டர்களை எவ்வளவு கவனமாகத் திறந்தாலும், அணைக்குக் கீழே பெய்கிற மழையை அணை பிடிக்க முடியாதே!

எந்தக் குளம் உடைந்தால் எந்தத் தெரு முங்கும் என்பதைச் சென்னையிலோ டெல்லியிலோ உட்கார்ந்து சொல்ல முடியாது. அது உள்ளூர் ஆய்வாளர்களின் வேலை. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு தென்கடற்கரையை அளந்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதிய அனுபவம் அதற்கு உண்டு. அங்கே படிக்கிற பிள்ளைகளில் பலர் இதே ஆற்றங்கரை ஊர்க்காரர்கள். எந்த மடை அடைத்திருக்கிறது என்று அவர்கள் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். அந்தத் தகவல் ஆய்வேட்டில் ஏறி, மதிப்பெண் வாங்கி, நூலக அலமாரியில் தூங்கினால் என்ன பிரயோஜனம்? தெருவாரியான வெள்ள வரைபடமாக, தமிழில், போனில் பார்க்கும்படி வரணும். அதற்கு நிதி கொடுக்க வேண்டியது அரசு.

மாவட்டப் பேரிடர் திட்டத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கச் சொல்கிறது 2005-ம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம். புதுப்பிப்பது என்றால் அதிகாரிகளின் போன் நம்பரை மாற்றுவது மட்டும்தானா?

வெள்ளம் எதுவரை ஏறியது என்பதற்கு வீட்டுச் சுவர்களில் படிந்த கறைதான் முதல் ஆதாரம். டேப்பும் நோட்டும் இருந்தால் ஒரு வகுப்பு மாணவர்களே வீதி வீதியாக அளந்துவிடலாம். ஆனால், ஒவ்வொரு பொங்கலுக்கும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள்.