எம்-3 யாருக்கு அரியர்?

"பையனுக்குப் பேசிக்ஸ் இல்லீங்க." கோவை வட்டாரப் பொறியியல் கல்லூரிகளில் கணக்கு வாத்தியார்கள் சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகும் தீர்ப்பு இது. எந்தப் பையனுக்கு என்று கேட்டால் மட்டும் வாய் திறக்கமாட்டார்கள்.

போத்தனூரிலிருந்து தமிழ்வழியில் தேறிப் போகிற சேரிப் பிள்ளைகள் வகைக்கெழுவும் தொகையிடலும் படித்துத்தான் போகிறார்கள். முதல் நாளே கரும்பலகையில் அவை டெரிவேட்டிவ், இன்டகிரேஷன் என்று வேஷம் மாற்றி நிற்கின்றன. தெரியாதது இங்கிலீஷ், பழி கணக்கின்மேல். 2007இல் நுழைவுத்தேர்வு ஒழிந்தபோது தரம் போச்சு என்றார்கள். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு, 2021இல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீதம், ஒவ்வொன்றுக்கும் அதே ஒப்பாரி. வாசலில் தடுக்கமுடியாதவர்களை எம்-1, எம்-2, எம்-3 என்று உள்ளே வைத்துத் தடுக்கிறார்கள்.

மாணவர்கள் என்ன நினைக்கிறார்கள்? "இது எதுக்குன்னே தெரியலீங்க, பழைய கேள்வித்தாளப் போட்டுப் பாத்தா பாஸாயிரலாம்." அவ்வளவுதான். அவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு உலோகத் தண்டு, இரு முனையும் 0 டிகிரி, வெப்பநிலை காண்க என்று எழுதிப்போட்டால் வேறென்ன தோன்றும்? 1807இல் ஃபூரியே வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று தேடிப் போனவர். சைனும் கொசைனும் அந்தத் தேடலுக்கான கருவிகள். கேள்வியைத் தூர எறிந்துவிட்டுக் கருவியை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். பம்புசெட்டுக்கு வார்ப்பு ஊற்றும் பவுண்டரிகள் நிறைந்த ஊர் இது. தடித்த இடம் கடைசியில் இறுகும், அங்கேதான் குழி விழும் என்று கைப்பழக்கத்தில் சொல்லிவிடும் கூலியாளின் மகள் கடைசி பெஞ்சில் இருக்கிறாள். அவளை யார் கேட்டார்கள்?

இன்னொன்று. அசையாத காற்றில் வாயு பரவுவதற்கும் இதே சமன்பாடுதான். வெப்பநிலை இருந்த இடத்தில் செறிவு என்று போட்டால் போதும். மூடியைத் திறந்துவைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் விஷவாயு போய்விடும் என்று மலக்குழிக்குள் ஆளை இறக்குகிறார்களே, பரவலை மட்டும் நம்பினால் ஆழம் இரு மடங்கானால் நேரம் நாலு மடங்கு ஆகும் என்று மூன்றே வரியில் காட்டிவிடலாம். கசடைக் கலக்கினால் ஹைட்ரஜன் சல்பைடு மேலும் கிளம்பும், அது வேறு. 1993இலும் 2013இலும் சட்டம் போட்ட தேசத்தில் செத்துக்கொண்டிருப்பது எங்கள் ஆட்கள். ஆனாலும் வகுப்பில் இன்னும் அந்தத் தண்டுதான்.

ஆறடிக் குழி, பன்னிரண்டடிக் குழி: காற்று மாற எவ்வளவு நேரம்? அடுத்த பருவத் தேர்வில் இதைக் கேளுங்கள், தமிழிலும் அச்சடித்துக் கொடுங்கள். எங்கள் பிள்ளைகள் எழுதுகிறார்களா இல்லையா, பார்த்துவிடலாம்.