சேற்றில் இறங்கியபோது கைகொடுத்த தமிழ்

தாய்மொழிப் பாடம் தேர்வுக்கு மட்டுமே என்று நினைத்தவர்களில் நானும் ஒருவன். தமிழ்நாட்டின் கடலூர் மாவட்டத்தில் உள்ள பிச்சாவரத்தில், முழங்கால்வரை சேற்றில் நின்றபோதுதான் அந்த எண்ணம் மாறியது.

சுவா சூ காங்கில் வளர்ந்த நான், சுற்றுச்சூழல் படிப்பின் ஒரு பகுதியாகச் சதுப்புநிலக் காடுகளைப் பற்றிக் களப்பணி செய்ய அங்குச் சென்றேன். அழிந்த காட்டை மீட்கக் கன்றுகளை நட்டால் போதும் என்றே நம்பியிருந்தேன்.

ஓரிடத்தில் நிலம் வெறுமையாகக் கிடந்தது. உப்பின் அளவை எடுத்தோம். மிக அதிகமாக இருந்தது. ஏன் என்று கருவி சொல்லவில்லை. படகோட்டி வந்த அண்ணனிடம் தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டேன். “ஏறுன தண்ணி இறங்கணும் தம்பி. இறங்காத இடத்துல செடி நிக்காது,” என்றார்.

அந்தக் காட்டின் வரலாறே அதுதான். முன்பு மரங்களை மொத்தமாக வெட்டிய இடங்களில் மண் வெயிலில் காய்ந்து தாழ்ந்து, தொட்டிபோல் ஆனது. உள்ளே வந்த கடல்நீர் தேங்கி ஆவியாக, உப்பு மட்டும் மிஞ்சியது. 1990களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களுடன் சேர்ந்து, மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நீர் வந்துபோக வழி பிறந்த பிறகே கன்றுகள் பிழைத்தன. 2022ல் பிச்சாவரம், ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

எண்ணைக் கருவி தந்தது. காரணத்தை மனிதர் தந்தார். களப்பணிக்கு இரண்டும் தேவை.

அதே அண்ணன் ஒரு மரத்தைக் காட்டி, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று எச்சரித்தார். அது தில்லை மரம். அருகிலுள்ள சிதம்பரத்திற்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த மரம்.

வீடு திரும்பியதும் சுங்கை பூலோ சென்றேன். அங்கும் தில்லை நிற்கிறது! மலாய் மொழியில் அதன் பெயர் ‘பூத்தா பூத்தா’. ‘பூத்தா’ என்றால் பார்வையற்ற என்று பொருள். ஒரே எச்சரிக்கையை இரு மொழிகளும் காத்துவைத்துள்ளன. சுவா சூ காங்கிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத அந்த மரத்தை அறிய, நான் கடல் கடந்து போக வேண்டியிருந்தது.

வெளிநாட்டுக் களப்பயணத்திற்குச் செலவாகும். எல்லாருக்கும் அந்த வாய்ப்பு அமையாது. ஆனால், 1993ல் திறக்கப்பட்டு 2002ல் இயற்கை வனப்பகுதியான சுங்கை பூலோவுக்குக் கட்டணமில்லை. முதலில் அங்கே நடந்து பாருங்கள். பிச்சாவரம் போன்ற இடத்திற்குச் செல்லும் வாய்ப்பு வந்தால் தயங்காமல் செல்லுங்கள். அளவுகோலுடன் உங்கள் தமிழையும் எடுத்துச் செல்லுங்கள். தடுமாறினாலும் பரவாயில்லை, கேளுங்கள். பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கிறார்.