கம்பளியும் கைப்பின்னலும்: வருமானத்துக்கு முன் ஒரு மகிழ்ச்சி

தேயிலை மலையில் 'கம்பளி' என்ற சொல் தெரியாத குடும்பம் இல்லை. கொட்டும் மழையில் தலையிலிருந்து முதுகுவரை கம்பளியைப் போட்டு, அதன்மேல் கூடைக் கயிற்றை மாட்டிக்கொண்டு கொழுந்தெடுக்கப் போன பாட்டிமாரை நம்மில் மூத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கம்பளி தென்னிந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தது. தோட்டத்தில் அதைக் கொடுத்துவிட்டு விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். துரைமாரும் தங்கள் கணக்குப் புத்தகங்களில் நமது சொல்லையே எழுதினார்கள்.

இன்று கம்பளியின் இடத்தைப் பொலித்தீன் பிடித்துவிட்டது. பிள்ளைகளின் உடம்பில் அக்ரிலிக் சுவெட்டர். ஆட்டு உரோம நூலைத் தொட்டுப் பார்த்திராத ஒரு தலைமுறை, 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவின் குளிரில் வளர்கிறது.

இடம்பெயர்ந்த குடும்பங்களின் பெண்களுக்கு எங்கே பயிற்சி நெறி நடந்தாலும் தையலும் பின்னலும் அதில் உண்டு. 'சுயதொழில்' என்பதே அதன் தலைப்பு. ஆறு மாதத்தில் வருமானம் என்று சொல்லித் தொடங்குவார்கள். பின்னிய சுவெட்டரை வாங்க ஆள் இல்லாதபோது ஊசிகள் தகரப் பெட்டிக்குள் போய்விடும். இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பதே எனது கருத்து. பின்னலை முதலில் மகிழ்ச்சிக்காகவும் சொந்தப் பிள்ளையின் உடம்புக்காகவும் கற்றுக்கொடுப்போம். வருமானம் பிறகு வந்தால் வரட்டும்.

"வயிறு காயும்போது மகிழ்ச்சியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மண்சரிவிலோ போரிலோ தோட்டத்தையும் துரவையும் விட்டு வந்தவர்கள் இழந்தது காணியை மட்டுமல்ல. விதைத்தது முளைப்பதையும், நட்டது வளர்வதையும் நாள்தோறும் பார்க்கும் இன்பமும் அதோடு போயிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது வீடு, வாசல், உறவு எல்லாம் ஒரு காலைப் பொழுதில் மண்ணுக்குள் போயின. அப்படிப்பட்டவர்களுக்கு நிவாரண அரிசி வேண்டும், காணி உறுதி வேண்டும். அவை வரும்வரை வெறுமனே கிடக்கும் கைக்கும் ஏதாவது வேண்டும். பின்னலில் இன்று நான்கு விரற்கடை வளர்ந்தால் நாளை எட்டு. பிழைத்தால் பிரித்துவிட்டு மறுபடி பின்னலாம், நூல் வீணாவதில்லை. நமது வாழ்க்கையில் அப்படிப் பிரித்துச் சரிசெய்யக்கூடியவை எத்தனை?

கற்பதும் கடினமல்ல. நேர்க் கண்ணி, மறுபுறக் கண்ணி என்ற இரண்டும் கைவந்தால் போதும். மூங்கிலைச் சீவி வழுவழுப்பாகத் தேய்த்தால் ஊசி தயார். குழந்தைத் தொப்பி ஒன்றுக்கு 50 கிராம் அளவு நூல் காணும். பேசிக்கொண்டே, அடுப்பில் கிழங்கு வேகும்வரை பின்னலாம்.

ஏன் இயற்கைக் கம்பளி என்கிறேன்? ஆட்டு உரோமம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வாங்கிக்கொண்டும் உடம்புக்கு ஈரம் தெரியாமல் வைத்திருக்கும். பனியும் தூறலும் நிறைந்த ஊருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இன்னொரு காரணம் இதைவிட முக்கியமானது. லயக் காம்பிராவில் பிள்ளைகள் குளிர்காய்வது விறகடுப்பின் பக்கத்தில். அக்ரிலிக் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். கம்பளி எளிதில் தீப்பற்றாது. பற்றினாலும் நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் கருகி அணைந்துவிடும். இது தாய்மார் கவனிக்க வேண்டிய விடயம்.

நூலுக்கு எங்கே போவது? யாழ்ப்பாணத்துச் செம்மறிக்குக் கம்பளி உரோமம் கிடையாது. புது நூல் விலை அதிகம். வழி நம் வீட்டிலேயே இருக்கிறது. நிவாரண மூட்டைகளிலும் பழைய உடுப்புக் கடைகளிலும் வரும் சுவெட்டர்களில் சில அசல் கம்பளி. ஓரத்திலிருந்து ஒரு இழையை எடுத்து எரித்துப் பாருங்கள். மயிர் கருகும் வாடையோடு பொடியும் சாம்பல் விழுந்தால் கம்பளி. உருகிக் கெட்டியான மணியாக உறைந்தால் அக்ரிலிக். பக்கத் தையலையும் பாருங்கள். துணிபோல வெட்டித் தைத்ததாயின் நூல் துண்டு துண்டாக வரும், அதை விட்டுவிடுங்கள். முழுதாகப் பின்னி இணைத்ததாயின் தையலைப் பிரித்து, மேலிருந்து நூலை இழுத்துச் சிட்டமாகச் சுற்றி, இளஞ்சூட்டு நீரில் அலசி, அடியில் சிறு பாரம் கட்டி உலரவிட்டால் சுருள் நிமிர்ந்துவிடும். பெரியவரின் சுவெட்டர் ஒன்றில் சின்னப் பிள்ளைக்கு ஒரு சுவெட்டரும் தொப்பியும் கிடைக்கும்.

கைவேலையால் காசு வராது என்று நான் சொல்லவில்லை. 1820களில் நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த பெண்கள் அந்த உழைப்பில் கிடைத்த பணத்தால் தங்கள் விடுதலையை வாங்கினார்கள். அங்கே வாங்குவோரும் இருந்தனர். வாங்குவோரைத் தேடாமல் பயிற்சியை மட்டும் கொடுப்பது பெண்களை ஏமாற்றுவதாகும்.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தென்னமெரிக்காவின் பெரு நாட்டில், மலைமேல் உள்ள தித்திகாக்கா ஏரியில் தக்கீலே என்றொரு தீவு இருக்கிறது. அங்குள்ளோர் நம்மைப் போல விவசாயிகள். பெண்கள் தறியில் நெய்வார்கள், கம்பளித் தொப்பியைப் பின்னுவது ஆண்கள். 2005இல் யுனெஸ்கோ அவர்களது கைவேலையை உலகின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அங்கே அது ஆணுக்குப் பெருமை. இங்கே ஊசி பிடிக்க வெட்கமாயிருந்தால், மனைவி பின்னும் அரைமணி நேரம் அடுப்பையாவது பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் மலைக்கும் மாலையில் அடுப்புக்கும் ஓடும் பெண்ணுக்கு நூலைவிட அருமையானது நேரம்.

நிவாரணம் கொண்டுவரும் சகோதர நிறுவனங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உலர் உணவோடு இரண்டு ஊசியும் ஒரு சிட்டம் கம்பளி நூலும் சேருங்கள். எத்தனை விற்றது என்று ஆறு மாதத்துக்குக் கேளாதிருங்கள். எத்தனை பிள்ளைகளின் தலையில் தொப்பி ஏறியது என்று மட்டும் கேளுங்கள்.

நமது பாட்டிமார் கடனுக்குக் கம்பளி வாங்கிப் போர்த்தினார்கள். நமது பிள்ளைகள் போடுவது தாயின் கையால் பின்னியதாக, கடனில்லாததாக இருக்கட்டும்.